தள்ளாமையும் பக்கவாதமும்

முதுமையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பலவுண்டு. மூப்பு என்போம், கிழப்பருவம் என்போம், வயோதிகம் என்போம். இவையெல்லாம் ஆண்டுகள் ஏறியதைச் சுட்டுவன. ‘தள்ளாமை’ என்னும் சொல்லோ இவற்றினின்றும் வேறானது. ‘எனக்கு இப்போது உடம்பு தள்ளவில்லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஃது அகவையைக் கூறுவதன்று. ஆற்றல் குன்றியதைக் கூறுவது. அறுபத்தைந்திலேயே தள்ளாமை எய்தியவரும் உளர். எண்பத்தைந்திலும் அதனை அறியாதவரும் உளர். இவ்வேறுபாட்டை நம் பேச்சுவழக்கு நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது. மருத்துவ அறிவியல் அதனை அளவுகோல் கொண்டு அளக்க முனைந்தது ஏறத்தாழக் கடந்த கால் நூற்றாண்டிலேதான்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் ஊன்றி நடந்த தண்டே அவர் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என நிலைத்துவிட்டது. இளமையில் ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியவர், முதுமையில் கோலின் துணையின்றி நடக்கமாட்டாதவராய், இருமல் இடைமறிக்கச் சில சொற்களே பேசுகிறார். அப்பாட்டை இரங்கற்பாவாகவே வகுப்பறையில் நடத்தி வந்தோம். மெல்லிய நடை, பிடிப்புக்கு ஒரு துணை, மூச்சுக்குள் அடங்கிப்போன பேச்சு ஆகிய அவை இன்றைய மருத்துவர் ஒருவர் முதியவரைக் கண்டவுடன் ஏட்டில் குறித்துக்கொள்ளும் அடையாளங்களாகவும் இருக்கின்றன என்பது பின்னரே நமக்குப் புலப்பட்டது. அவ்வாறு புலப்படச் செய்தது மேற்குத் தாம்பரத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் நிகழ்ந்த ஒன்றாகும்.

எம் தெருவில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அப்போது அவருக்கு வயது 83. ஒருநாள் விடியற்காலை பால் வாங்கி வந்து நாற்காலியில் அமர்ந்தவர் எழவில்லை. வாய் ஒருபுறம் கோணிற்று, வலக்கை தொங்கிற்று, பேச்சுக் குழறிற்று. மருமகள் ஓடிவந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினார். 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்த்தோம். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர் வெளியே வந்து, “இரண்டு வாரத்திற்கு முன்னால் இவர் எப்படி இருந்தார்?” என்று கேட்டார். அயலூரில் இருந்த மூத்த மகன் தொலைபேசியில், “எண்பத்து மூன்று வயதாகிறது. அதிகம் சிரமப்படுத்த வேண்டாம்” என்றார். நாமும் கற்றவர் என்னும் மிதப்பில், “வயதானவர்தாமே ஐயா, பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்” என்றோம்.

மருமகள்தாம் குறுக்கிட்டார். “இல்லை டாக்டர். மாமா தினமும் இரண்டு மாடி ஏறி இறங்குவார். மூன்று வீட்டுக்குக் கரண்டு பில் கட்டுவார். பேங்குக்குத் தனியாகப் போய் வருவார். இன்று காலையில்கூட அவர்தான் பால் வாங்கினார்” என்றார். அச்சொற்களைக் கேட்டபின்னரே மருத்துவர் உறைவைக் கரைக்கும் ஊசிமருந்து பற்றி அவரிடம் பேசத் தொடங்கினார். நாம் சொன்னதையே அவர் நம்பியிருந்தால் அவ்வுரையாடல் எவ்வாறு சென்றிருக்குமோ, அறியோம். அன்று நாம் நாணித் தலைகுனிந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மருத்துவர் கேட்டது வயதையன்று, தள்ளாமையை. நாம் விடையாகத் தந்ததோ வயதை.

பக்கவாதம் இன்னதென்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே அது. அடைப்பே பெரும்பான்மை, கசிவு அதனினும் குறைவு. இரண்டையும் புறத்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. ஸ்கேன் ஒன்றே பிரித்துக் காட்டும். பெருங்குழாய் ஒன்று அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். அடைப்பெனின், நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் ஊசிமருந்து செலுத்தப்பெறல் வேண்டும். பெரிய குழாயின் அடைப்பெனின், தொடை வழியாகவோ கை வழியாகவோ நுண்குழாயைச் செலுத்தி உறைவையே வெளியே இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பெற்ற நோயாளிகட்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படுகிறது.

இக்கால எல்லை தென்சென்னைப் புறநகர்க்கு எளியதன்று. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ரயில் பாதை ஊர்களைக் கிழக்கு மேற்கு என இரு கூறாக்கி நிற்கிறது. தாம்பரத்தினின்று வடக்கே சென்ட்ரலுக்கு எதிரே உள்ள இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும், தெற்கே செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தொலைவு ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர். இடையே தனியார் மருத்துவமனைகள் பல எழுந்துள்ளன என்பது மெய். ஆயினும் ஸ்கேன் எந்நேரமும் எடுக்கப்பெறும் இடம் எது, ஊசிமருந்து போடுவார் எங்குளர் என்பதை நோய் வருமுன்பே அறிந்துவைத்திருக்கும் குடும்பங்கள் மிகச் சிலவே. வாய் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும், ‘வாயுப் பிடிப்பாயிருக்கும், தைலம் தேய்த்துப் பார்ப்போம்’ என்று ஒரு மணி நேரத்தை இழப்பது இன்றும் நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடிப் பக்கவாத நோயாளர் செல்வதை நாம் அறிவோம். பிந்திய நாள்களில் தொக்கணம் முதலியன எவ்விடம் பெறும் என்பது வேறு கேள்வி. முதல் சில மணி நேரம் ஸ்கேனுக்கே உரியது.

இனித் தள்ளாமைக்கு வருவோம். இதனை அளப்பதில் இருவகை நெறிகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரீடு என்பாரும் அவர்தம் குழுவினரும் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைதல், எதைச் செய்யினும் அயர்ச்சி, கைப்பிடியின் வலுக் குன்றல், நடை மெதுவாதல், அன்றாட உடலியக்கம் சுருங்குதல் என்பன அவை. இவற்றுள் மூன்று காணப்படின் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ காணப்படின் அதன் வாயிலில் நிற்கும் நிலை. மாவாட்டும் கல்லையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிய நம் தாய்மார் நாளடைவில் புட்டி மூடியைத் திறக்கப் பேரனை அழைப்பதும் ஒருவகைக் கைப்பிடிச் சோதனையே.

மற்றது கனடா நாட்டு ஆலிபாக்ஸ் நகரத்தவரான கென்னத் இராக்வுட் 2005இல் வெளியிட்ட அளவுகோல். முதலில் ஏழு படிகளாக இருந்து பின்னர் ஒன்பதாக விரிந்தது. முதற்படியில் நல்ல திடகாத்திரர். ஐந்தாம் படியில் பணக்கணக்கு, பயணம், கனத்த வீட்டுவேலை, மருந்தைத் தவறாது உட்கொள்ளல் ஆகியவற்றிற்குப் பிறர் உதவி வேண்டுவோர். ஆறாம் படியில் படியேறவும் குளிக்கவும் துணை வேண்டுவோர். ஏழில் உடற்காரியம் அனைத்திற்கும் பிறரைச் சார்ந்திருப்போர். அதற்கு மேற்பட்டன இறுதியை நெருங்கிய நிலைகள். இதற்குக் கருவி எதுவும் வேண்டா, கேள்விகளே போதும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் அந்நாளின் நிலையைக் கொண்டு படியைக் கணித்தல் பிழை. பக்கவாதத்தால் கைகால் விழுந்த எவரும் அன்று ஏழாம் படியினராகவே தோன்றுவர். ஆதலின் நோய் தாக்குவதற்கு இரண்டு வாரத்திற்கு முன்னர் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையே கேட்டறிதல் வேண்டும். எம் தெருப் பெரியவரைப் பற்றி அம்மருத்துவர் கேட்ட வினாவின் பொருள் இதுவே.

இவ்வளவுகோல் நம் இல்லங்களில் ஓரிடத்தில் இடறுகிறது. மேலை நாட்டில் ஒருவர் தம் வங்கிக் கணக்கைத் தாமே பார்க்கவில்லையெனின் இயலாமை எனக் கொள்ளலாம். குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ எழுபது வயதுத் தாய் ஒருவர் வங்கிப் பக்கமே சென்றதில்லையெனின், அஃது இயலாமையா, அன்றி வாழ்நாளெல்லாம் கணவரும் பிள்ளைகளும் அவரை அங்கு விடாமையா? ‘சமைப்பதில்லை’ என்றால் கை நடுங்குவதாலா, மருமகள் வந்துவிட்டதாலா? ‘வெளியே போவதில்லை’ என்றால் கால் வலுவிழந்ததாலா, நடைபாதை இல்லாத சாலையில் பேருந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அஞ்சியதாலா? மருத்துவமனையில் விடை கூறுவோர் இதனைப் பிரித்துச் சொல்லாவிடின், தள்ளாமையில்லாத ஒருவர் தள்ளாதவராகவே ஏட்டில் ஏறிவிடுவர். பெண்டிர் திறத்தில் இப்பிழை நேர்தற்கு இடம் மிகுதி என்பது நம் கருத்து. செய்யமாட்டாமையையும் செய்யாமையையும் வேறுபடுத்திக் கேட்பதற்கு நீண்ட நேரம் ஆகாது.

பள்ளிவாசலில் நாம் காணும் ஒரு காட்சியையும் இங்குக் குறிப்பிடலாம். நின்றும் குனிந்தும் தரையில் நெற்றி பதித்தும் தொழுது வந்த ஒருவர், ஒருநாள் பின்வரிசை நாற்காலிக்கு மாறுகிறார். முட்டுவலி என்கிறார், நாமும் கேட்டு நகர்கிறோம். தரையில் அமர்ந்து கையூன்றாமல் எழுதல் என்பது இடுப்பும் தொடையும் முதுகும் ஒருங்கே வேலை செய்யும் செயல். அது கைவிட்டுப் போன மாதம் எது என்பதை உடன் தொழுவோர் அறிவர், மருத்துவர் அறியார். நோன்பு மாதத்தில் இரத்த அழுத்த மாத்திரையின் வேளையை மருத்துவரைக் கேளாமல் தாமே மாற்றிக்கொள்ளும் முதியோரும் நம்மிடையே உளர். நோயுற்றோர்க்கு நோன்பில் விலக்குண்டு என்பதை அவர்கட்கு எடுத்துரைக்க வேண்டியவரும் உடனிருப்போரே.

தள்ளாமை ஏன் பக்கவாதத்தில் இத்துணை முதன்மை பெறுகிறது? உடலுக்குச் சேமிப்பு என ஒன்றுண்டு. தசை, இதயம், சிறுநீரகம், மூளை ஆகிய ஒவ்வொன்றும் அன்றாடத் தேவைக்கு மேற்பட்டுச் சிறிது ஆற்றலை இருப்பில் வைத்திருக்கிறது. அடி விழும்போது அவ்விருப்பினின்று எடுத்துச் செலவிட்டு எழுகிறோம். தள்ளாமை என்பது அவ்விருப்புக் கரைந்த நிலை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரையொன்று, பக்கவாதமுற்றோருள் நூற்றுக்கு 22 பேர் தள்ளாமையுடையர் என்றும், 49 பேர் அதன் வாயிலில் நிற்பவர் என்றும் கூறுகிறது. ஆகவே இஃது ஏதோ சிலருக்குரிய சிக்கலன்று.

நாம் அறிந்த மற்றொரு குடும்பம் பல்லாவரத்தில் இருக்கிறது. அவ்வீட்டு அம்மையாருக்கு வயது 66. ஓராண்டாகவே உணவு குறைந்து, உடை தளர்ந்து, மாடிக்கு ஏறுவதை விட்டிருந்தார். அவரைத் தாக்கிய பக்கவாதம் சிறியது. கை சற்றே தளர்ந்தது, அவ்வளவே. ஸ்கேனைக் கண்டோர் அஞ்சத் தேவையில்லை என்றனர். ஆயினும் படுத்த நிலையிலேயே அன்பு மிகுதியால் உறவினர் ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழல் வழி இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலாயிற்று. மூன்றாம் நாள் மனங்குழம்பி மகளையே யாரென வினவினார். ஆறு வாரம் கழித்து வீடு திரும்பியபோது, கை தேறியிருந்தது. எழுந்து நிற்கத்தான் இயலவில்லை. 83 வயதினர் பெரிய தாக்குதலினின்று மீண்டதும், 66 வயதினர் சிறிய தாக்குதலில் வீழ்ந்ததும் நம் கண்முன் நிகழ்ந்தவை. இருவரிடையே இருந்த வேறுபாடு அகவையன்று.

வயது ஒன்றைக் காரணமாக்கி ஊசிமருந்தை மறுத்தல் பொருந்தாது என்பதற்கு 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று சான்றாகும். அதில் இடம்பெற்ற 3035 நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் 80 வயதைக் கடந்தவர்கள். அவர்கட்கும் மருந்தின் பயன் குறைந்ததாகத் தெரியவில்லை. தள்ளாமை மிக்கவர்க்கு அப்பயன் சற்றுக் குறையக்கூடும் என்று பின்வந்த சில ஆய்வுகள் கருதுகின்றன. ஆயினும் தள்ளாமை ஒன்றையே காட்டி மருந்தை மறுத்தல் முறையன்று. மருத்துவரும் குடும்பத்தாரும் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்த்தலாகாது என்று வெளிப்படையாகப் பேசுவதற்கே அந்த அளவுகோல் உதவுகிறது. ஏழாம் படியில் ஏற்கெனவே வாழ்ந்த ஒருவர் மீண்டும் தனியே பேருந்து ஏறுவார் என்று வாக்களிப்பது பொய். அவர் வலியின்றி, விழுங்க முடிந்து, தம்மவரை அறிந்து வாழ வகை செய்வது மெய்யான இலக்கு. ‘இனி என்ன இருக்கிறது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்பதும், ‘எப்படியேனும் எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்பதும் அவ்விலக்கைத் தேடாமல் தப்பிக்கும் இரு வழிகளே.

படுக்கை பற்றிச் சிறிது கூறவேண்டும். தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையப் பெயர் 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் இல்லத்தால் வந்தது. கொல்லிகள் கண்டறியப்படாத அக்காலத்தில் காசநோய்க்கு நற்காற்றும் நல்லுணவும் நீண்ட ஓய்வுமே மருந்து. நோயாளி அசையாது கிடத்தலே சிகிச்சையாயிற்று. அந்நினைவு நம் மனங்களில் இன்னும் அகலவில்லை போலும். எந்நோய்க்கும் ‘நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்’ என்கிறோம். முதியவர்க்கு அதன் விலை பெரிது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நோயற்ற முதியோரையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்தனர். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயற்றோர்க்கே இந்நிலையெனின், இருப்புக் கரைந்த உடலில் பக்கவாதமும் சேர்ந்தால் என்னாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படியானால் முதல் நாளே தூக்கி நிறுத்திவிடலாமா எனின், அதுவும் தகாது. ஐந்து நாடுகளில் 2104 நோயாளரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, முதல் 24 மணி நேரத்திற்குள் மிகுதியாக எழுப்பி நடக்கவைத்தோரைவிட வழக்கமான முறையில் கவனிக்கப்பெற்றோர் சற்றே நன்கு தேறினர் என்று காட்டியது. அதே ஆய்வின் தரவுகளை மேலும் ஆராய்ந்தபோது, நெடுநேரம் ஒரேயடியாக நடத்துவதைக் காட்டிலும் சிறிது சிறிதாகப் பலமுறை எழுப்புவது நலம் பயத்தல் தெரிந்தது. தள்ளாதவர்க்கு இது முற்றிலும் பொருந்துகிறது. காலையில் ஐந்து நிமிடம் கட்டிலோரம் அமர்தல், பின்னர் நாற்காலிக்கு மாறுதல், மாலையில் மீண்டும் ஒருமுறை என மருத்துவர், இயன்முறை மருத்துவர் சொற்படி அளந்து செய்தல் வேண்டும்.

விழுங்கலும் அவ்வாறே. பக்கவாதமுற்றவர்க்குச் செவிலியரோ பேச்சுப் பயிற்சியாளரோ நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது நீர் கொடுத்துச் சோதித்துப் பார்க்குமுன் வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது. மாத்திரையும் ஆகாது, ஒரு வாய் காப்பியும் ஆகாது. இஃது ஒன்றை அறிந்திருந்தால் பல்லாவரத்து அம்மையாரின் ஆறு வாரம் இரண்டாய்ச் சுருங்கியிருக்கலாம் என்று அவர் மகள் இன்றும் வருந்துகிறார். மூக்குக் கண்ணாடி, காதுக்கருவி, பொய்ப்பல் ஆகியவற்றை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல மறப்பதும் மனக்குழப்பத்தை வளர்க்கிறது. பார்வையும் கேள்வியும் இழந்து, விளக்கு அணையாத புது அறையில், முகம் தெரியாதோர் நடுவே கிடக்கும் முதியவர் பகலெது இரவெது என அறியாது மயங்குதல் வியப்பன்று. முன்பே உட்கொண்டு வந்த மாத்திரைகளின் பட்டியலையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். பல மருத்துவர் பல காலத்தில் எழுதிக் கொடுத்தவற்றுள் சில, குறிப்பாகத் தூக்க மாத்திரைகள், தள்ளாதவரை எழுந்தவுடன் தள்ளாடி விழச்செய்வன.

முதியோர் மருத்துவத்தில் சென்னை பிந்தியதன்று. அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் அத்துறைக்கு எம்.டி. பட்டப்படிப்பும் தொடங்கிற்று. இந்திய நாட்டிற்கே அவை முன்னோடி. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பெற்றது. நம் புறநகரினர்க்கு அது வழியிலேயே உள்ளது. இருப்பினும் பக்கவாத நோயாளர் சேர்க்கப்பெறும் இடத்திலெல்லாம் முதியோர் மருத்துவர் ஒருவர் இருப்பார் என எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே மூளை மருத்துவரும் பொது மருத்துவரும் செவிலியருமே அக்கண் கொண்டு நோக்கவேண்டியவராகின்றனர்.

வீடு திரும்பிய பின்னர்த்தான் நெடும்பயணம். குடும்பத்தினர்க்குப் பயிற்சியளித்து அவர்களைக் கொண்டே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி தரலாம் என்னும் நம்பிக்கையில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்திற்குப்பின் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வோர் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர்; வேறுபாடில்லை. இம்முடிவு நமக்கு உவப்பானதன்று. கூட்டுக்குடும்பத்தின் அன்பே எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று மேடைகளில் பேசி வந்திருக்கிறோம். அன்பு வேண்டும், அதனோடு பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

அன்பே தள்ளாமையை வளர்ப்பதும் உண்டு. ‘அத்தா, நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்து வருகிறேன்’ என்று ஒரு நாளில் பத்து முறை சொல்கிறோம். பத்து முறையும் அவர் எழாமல் போகிறார். எழுந்திருந்தால் அஃது அவர் தொடைத்தசைக்குப் பத்துப் பயிற்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் எனப் புறநகர் எங்கும் எழுந்துள்ள அடுக்குமாடிகளில், பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, எல்லாவற்றையும் வாயிற்படிக்கே வரவழைத்துக்கொண்டு நாற்காலியிலேயே நாளைக் கழிக்கும் இணையர் பலர். உண்பதும் வெண்சோறும் ரசமும் மோரும். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவை ‘செரிக்காது’ என்று விலக்கப்படுகின்றன. சிறுநீரகக் கோளாறு முதலிய தடையில்லாதவர்க்குப் புரதம் குறைந்த இவ்வுணவும், எழாமையும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. நடையும், வலுவேற்றும் பயிற்சியும், போதிய புரதமும் தள்ளாமையைத் தள்ளிப்போடவும், தொடக்க நிலையில் ஓரளவு மீட்கவும் வல்லன. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறதா என மருத்துவரிடம் பார்த்துக்கொள்வதும் பக்கவாதத்தையே தடுக்க வல்லன.

இவற்றையெல்லாம் கற்றபின் நம் வீட்டிலும் ஒரு தாளை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். அம்மா உண்ணும் மாத்திரைகள், தாமாகச் செய்பவை, துணையோடு செய்பவை, கடைசியாக எடை பார்த்த நாள், ஸ்கேன் வசதியுள்ள அண்மை மருத்துவமனை ஆகியன அதில் உள்ளன. ‘செய்யமாட்டார்’, ‘செய்வதில்லை’ என இரண்டு தனிப் பத்திகள் வகுத்தோம். அம்மா அதைப் படித்துவிட்டு, தாம் செய்யமாட்டாதவை என நாம் குறித்த நான்கில் இரண்டை அடித்துவிட்டார்.

எம் தெருப் பெரியவர் நான்கு மாதத்தில் கோலூன்றி வாயில் வரை நடக்கத் தொடங்கினார். பேச்சில் சிறிது குழறல் எஞ்சியிருந்தது. ஒருநாள் நம்மை அழைத்து, மருமகள் பால் வாங்கும் பையை ஒளித்து வைத்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். இயன்முறை மருத்துவரைக் கேட்டோம். அரை லிட்டருக்கு மேல் வேண்டா, தனியாகவும் வேண்டா என்றார். மறுநாள் விடியலில் அப்பெரியவர் பையை இடக்கையில் கோத்துக்கொண்டு, கோலை ஊன்றிப் பால்கடை நோக்கி நடந்தார். மருமகளும் நாமும் பத்தடி பின்னே சென்றோம்.